பார்வையற்ற மகளுக்கு எந்த மடிக்கணினி வாங்குவது?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிளஸ் டூ முடித்து பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாள். ‘பார்வையற்றோருக்கான சிறப்பு மடிக்கணினி’ என்று சொல்லி, மென்பொருளும், அச்சுப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் ‘பேசும்’ மூக்குக்கண்ணாடியும் சேர்த்து ஒரு விற்பனையாளர் 1,35,000 ரூபாய் கேட்கிறார். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அவர் ‘சிறப்பு’ என்று காட்டுவது, பெரும்பாலும் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண விண்டோஸ் மடிக்கணினியாகத்தான் இருக்கும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள்தான் அதைப் பார்வையற்றவருக்கு உரியதாக ஆக்குகிறது. அதற்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலேயே தமிழ்க் குரல் உண்டு. அது இயந்திரத்தனமாக ஒலிப்பதாகத் தோன்றினால், விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து ‘வள்ளுவர்’ என்ற குரலை இறக்கிக்கொள்ளலாம்.

விற்பனையாளர் தரும் மென்பொருள் ஜாஸ் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதுவும் ஒரு நல்ல திரைவாசிப்பான்தான், ஆனால் விலை அதிகம். உரிமம் இல்லாமல் நிறுவினால், கணினியைத் தொடங்கியதிலிருந்து 40 நிமிடம் மட்டுமே பேசும். மறுபடியும் பேச வேண்டுமானால் கணினியை மூடித் திறக்க வேண்டும். கடையில் கால் மணி நேரம் செய்துகாட்டுவதற்கு அதுவே போதும் என்பது விற்பவருக்குத் தெரியும். திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொடுத்து முழு விலையையும் வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகளின் பெயரில் உரிமமும் ரசீதும் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பேசும் கண்ணாடியைச் சோதிக்க, அவர் கொண்டுவரும் ஆங்கிலத் தாளை நம்பாமல், மகளின் தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அச்சுப் பக்கத்தைப் படித்துக்காட்டும் வேலையைக் கைப்பேசியின் கேமராவும் இலவசச் செயலிகளுமே செய்கின்றன.

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். தொடுதிரைக்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் செலவு செய்ய வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே ஏற்கும் ‘எஸ் மோட்’ என்ற கட்டுப்பாட்டோடு வரும் விண்டோஸில் என்விடிஏவை நிறுவ முடியாது. அதைக் கடையிலேயே நீக்கித் தரச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. இவற்றைவிட முக்கியமானது விசைப்பலகை. மகளைக் கடைக்கு அழைத்துச் சென்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எஃப், ஜே விசைகளின் மேலுள்ள சிறு மேடு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பல மெல்லிய கணினிகளில் மேல், கீழ் அம்புக்குறிகளை ஒரே விசையின் இடத்துக்குள் அரை அரையாக நெருக்கி வைத்திருப்பார்கள். நாள் முழுவதும் அம்புக்குறிகளை அழுத்தியே வரிவரியாகப் படிக்கப்போகிற பெண்ணுக்கு அது பெருந்தொல்லை. எண்விசைகள் தனியாக உள்ள 15.6 அங்குலக் கணினிகள் சிலவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. பிரெய்ல் ஒட்டிகள் வேண்டியதில்லை. பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகினால் போதும்.

இவ்வளவும் முழுமையாகப் பார்வையற்றவருக்கே பொருந்தும். ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், அவர்களுக்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் திரை பெரியதாகவும், விளக்கொளி பட்டுப் பளபளக்காததாகவும் இருக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும். அது விண்டோஸிலேயே இருப்பதால் தனியாக வாங்க வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சிலருக்குக் கண்ணை உறுத்தாது, சிலருக்கு உதவாது. பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும். ஆனால் விழித்திரை நிறமிச் சிதைவு போல நாளாக ஆகப் பார்வை குறையும் நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவதோடு நிறுத்திவிடாதீர்கள். கண் தெரியும்போதே, தினமும் சிறிது நேரமாவது, திரையை அணைத்துவிட்டுக் காதால் கேட்டு வேலை செய்யப் பழக்குங்கள். பார்வை முழுதும் போன பிறகு, பரீட்சை நெருக்கத்தில் அதைப் புதிதாகக் கற்பது மிகக் கடினம்.

கடன் வாங்குவதற்கு முன், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையுடன் (யுடிஐடி) மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மடிக்கணினிக்கு உதவி கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை; ஆட்சியர் அலுவலக வாசலில் ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் பணம் கொடுத்தால் அது போனதுதான். அங்கே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள அலுவலகத்தின் சுற்றறிக்கையைக்கூட, தாளில் அச்சிட்டு, படமாக ஸ்கேன் செய்து வெளியிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தப் படத்தில் திரைவாசிப்பானுக்குப் படிக்க ஓர் எழுத்தும் இருப்பதில்லை.

கல்லூரியிலும் இதே சிக்கல் வரும். குறிப்புகளைப் புகைப்படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், தட்டச்சு செய்த கோப்பாகத் தருமாறு துறைத்தலைவரிடம் முதல் வாரமே கடிதம் கொடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே ஒலிக்கும். ஆகவே, கணினி தமிழைத் தமிழாகவே அறியும் குறியீட்டு முறையைக் குறிக்கும் ‘யூனிகோடில்’ என்ற சொல்லையும் கடிதத்தில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.