பஸ் டிக்கெட் அசைய வேண்டும், தம்பி

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜனவரியில் டொராண்டோவுக்குப் படிக்க வருகிறாராம். அறை எப்படிப் பிடிப்பது, வங்கிக் கணக்கு எப்போது திறப்பது, குளிருக்கு என்னென்ன வாங்கி வருவது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் கொஞ்சம் தயங்கினாற்போல் ஒன்று: "நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. கனடா உச்சரிப்பு சொல்லித்தர ஒரு பயிற்சி மையத்தில் 35,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?"

தம்பி, சேராதீர்கள். மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள், போகிற போக்கில் நானும் இரண்டு வரி சொல்கிறேன். உச்சரிப்பு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பணத்துக்கு என்ன சொல்லித்தருவார்கள் என்று எனக்குத் தெரியும். மூக்கால் பேசச் சொல்லித்தருவார்கள். 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்று இழுக்கவைப்பார்கள். வந்து இறங்கிய மூன்றாம் மாதமே அப்படிப் பேச ஆரம்பித்துவிடும் நம் ஆட்களை இருபது வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காப்பிக் கடைப் பெண் இரண்டு தடவை "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்பாள், இவர்கள் இன்னும் கொஞ்சம் மூக்கைச் சேர்ப்பார்கள். ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேசும்போதுகூட அந்த மூக்கு இறங்காது. எனக்கு இவர்கள்மேல் கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை.

நான் வந்தது 2004 ஜனவரியில். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவதாகச் சொன்னவர் எங்கள் ஊர்க்காரர், தூரத்து உறவும்கூட. வரவில்லை. பொதுத் தொலைபேசியில் 25 சென்ட் நாணயம் போட்டால்தான் பேச முடியும். என் பையில் இருந்ததெல்லாம் நூறு டாலர் நோட்டு. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய ஸ்வெட்டரோடு வெளியே வந்து நின்றேன். குளிர் காதில் ஏறியது. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாம் வாரம் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு கிடங்கில் இரவு வேலை கிடைத்தது. பெட்டி அடுக்கும் வேலை. மேற்பார்வையாளர் என் பெயரைப் போனில் கேட்டு எழுதிக்கொண்டார். என் பெயரின் முதல் ஆங்கில எழுத்து 'பி'. எந்த பி என்று கேட்பீர்கள். பாருங்கள், தமிழில் எழுதும்போதே சிக்கல் வந்துவிட்டது. 'பேப்பர்' என்பதன் முதலில் வரும் பி. அவர் காதில் விழுந்தது 'பஸ்' என்பதன் முதலில் வரும் பி. நான் திருத்தினேன், அதாவது கத்தினேன். அவர் அதே பஸ் பி-யை இன்னும் அழுத்தி எழுதியிருப்பார். "பழனிக்கு வரும் பி" என்றும் சொல்லிப்பார்த்தேன். கனடாக்காரருக்குப் பழனியை எப்படித் தெரியும்? முதல் சம்பளக் காசோலை யாரோ ஒருவன் பெயரில் வந்தது. வங்கியில் வாங்க மாட்டேன் என்றார்கள். அதைத் திருத்தி வாங்கப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் என் சாப்பாடு ரொட்டியும் வாழைப்பழமும்.

அந்த நாட்களில் ஓர் இரவு, பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் இங்கிலீஷ் சார் வந்து என் காதைப் பிடித்துத் திருகினார். ஆளாக வரவில்லை, அவர் அப்போது மதுரையில் இருந்தார்.

எனக்குச் சோழவந்தான் பக்கம். ஒருபுறம் வைகை, ஒருபுறம் வெற்றிலைக் கொடிக்கால், நடுவே மதுரை – திண்டுக்கல் ரயில் பாதை. பள்ளிக்கூடம் தண்டவாளத்தை ஒட்டியிருந்தது. சார் மதுரையிலிருந்து தினமும் பாசஞ்சரில் வருவார். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் ஆங்கிலம் அவர்தான்; ஆண்டு விழா நாடகமும் அவர்தான். எங்களைப் படிக்கச் சொல்லிவிட்டு அவர் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். "எனக்குக் கேட்கவில்லை." இவ்வளவுதான் சொல்வார். அதனால் அவருக்குக் 'கடைசி பெஞ்சு சார்' என்றே பெயர். முதல் வாரம் நாங்கள் கத்தினோம். "கத்துகிறாய். இன்னும் கேட்கவில்லை." அதற்கு என்ன செய்வது என்று புரிய எங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை வரை ஆனது.

பஸ் டிக்கெட் வித்தை அவருடையது. அப்போதைய டவுன் பஸ் டிக்கெட் மெல்லிய தாள், விரலிடையில் பிடித்தால் காற்றில் துடிக்கும். அதை உதட்டுக்கு எதிரே பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று சொல்லச் சொல்வார். டிக்கெட் அசையாது. அவர் சொல்லிக்காட்டுவார், அசையும். 'பஸ்' என்று சொல்லும்போது அவருக்கும் அசையாது. விஷயம் இவ்வளவுதான்: சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த ப, ட, க ஒலிகளை ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒரு சிறு மூச்சோடு வெளியே தள்ளுகிறார்கள். தமிழில் அந்த மூச்சு இல்லை, தேவையும் இல்லை. நாம் தள்ளாமல் சொன்னால் அவர்கள் காதில் பேப்பரின் பி பஸ்ஸின் பி-யாக விழுகிறது. இது வெள்ளைக்காரன் திமிரும் இல்லை, நம் நாக்கின் குறையும் இல்லை. காது பழகிய விதம். இதைச் சரிசெய்ய ஒரு டிக்கெட் போதும், அதுவும் பழைய டிக்கெட்.

இன்னொன்று, அழுத்தம். 'ஹோட்டல்' என்று நாம் முதல் அசையில் விழுகிறோம். அவர்கள் இரண்டாம் அசையில் விழுவார்கள். 'டெவலப்மெண்ட்' என்பதில் இரண்டாம் அசையான 'வ' உயர வேண்டும். சார் இதற்கு மேசையைத் தட்டுவார். எந்த அசையில் தட்டு விழுகிறதோ அங்கே குரல் ஏற வேண்டும். உச்சரிப்பு கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் தட்டு சரியாக விழுந்தால் இங்கே புரிந்துகொள்கிறார்கள். தட்டு மாறினால் எவ்வளவு மூக்கால் பேசினாலும் விழிப்பார்கள்.

சாருக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? லண்டனிலிருந்து இல்லை. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். சார் கடைசிப் பாசஞ்சரை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். பபூன் வரும்போது எல்லோரும் சிரிப்போம். அவர் மட்டும் ராஜபார்ட்டின், அதாவது கதாநாயக நடிகரின், வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். "மூச்சை எங்கே எடுக்கிறார் பார். தோள் ஏறுகிறதா? ஏறவில்லை." மதுரையில் 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று சிறுவர்களை வைத்து நாடகக் குழு தொடங்கிய கதையை அடிக்கடி சொல்வார். பின்னாளில் பெரிய நாடக நடிகர்களான தி.க. சண்முகம் சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். "அந்தப் பையன்களுக்கு யாரடா மைக் கொடுத்தார்கள்?" என்பார். ஒலிபெருக்கி மேல் அவருக்கு ஒரு பரம்பரைப் பகை இருந்தது.

அந்தப் பகையால்தான் 1988 ஆண்டு விழா நாசமானது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன்; கடனுக்கு ஈடாக ஷைலக் சதை கேட்க, போர்ஷியா என்ற பெண் வக்கீல் வேஷத்தில் வந்து வாதாடும் நீதிமன்றக் காட்சி மட்டும். முதலில் பம்மல் சம்பந்த முதலியார் அதைத் தமிழில் 'வாணீபுர வணிகன்' என்று எழுதியிருப்பதைச் சொல்லி, கதையைத் தமிழிலேயே நடத்தி, அப்புறம்தான் ஆங்கில வசனத்துக்கு விட்டார். சதையை நிறுக்கப் பலசரக்குக் கடைத் தராசு. போர்ஷியாவாக நடித்த பையனுக்கு யாரோ வக்கீலின் கறுப்புக் கோட்டு, கை முழங்காலைத் தொட்டது. எனக்கு ஷைலக் வேடம் வேண்டும் என்று ஆசை. கொடுத்தது குமாஸ்தா வேடம். உள்ளே வந்து ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் சாரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மைக் செட் வாடகைக்கு ஒதுக்கிய பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் சார். தலைமையாசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. நாடகம் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் பாதிப் பேரின் வசனம் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. ஷைலக் கத்தியைத் தீட்டும்போது பின்னால் இருந்து "சத்தமாகப் பேசுங்கடா" என்று கூச்சல். நான் கடிதத்தை விரித்தேன், சரக்கு ரயில் வந்துவிட்டது. நாற்பது பெட்டியாவது இருக்கும். ரயில் வந்தால் நிற்க வேண்டும், வாயசைக்கக் கூடாது என்பது சார் உத்தரவு. நின்றேன். கூட்டம் சிரித்தது. ஒரு தாத்தா பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். என் கால் ஆடியது, கடிதம் ஆடவில்லை. கடைசிப் பெட்டி போய், சத்தம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கரைந்ததும் படித்தேன். கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சார் நின்றுகொண்டிருந்தார். குடையைத் தலைக்குமேல் தூக்கினார். கேட்கிறது என்று அர்த்தம். அந்த வருடம் எங்கள் நாடகத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கோலாட்டத்துக்குக் கொடுத்தார்கள். அது நியாயமான தீர்ப்புதான்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாருக்கும் தெரியாத ஓர் இளம் வக்கீல் ஊருக்குப் புதிதாக வருகிறார். வயதைப் பார்த்துக் குறைத்து மதிப்பிடாதீர்கள், விஷயம் தெரிந்தவர் என்று ஒரு பெரியவர் எழுதியனுப்புகிறார். சுத்தமான சிபாரிசுக் கடிதம்! அதுவும் எல்லாம் வேஷம், வந்திருப்பது போர்ஷியா. அப்படி ஒரு கடிதம் இல்லாமல் நான் இந்த ஊரில் இரண்டு வருடம் அலைந்தேன். போன இடமெல்லாம் 'கனடா அனுபவம் இருக்கிறதா' என்றார்கள். வந்தவனுக்கு எப்படி இருக்கும்? உங்களுக்கு அந்த வகையில் கொஞ்சம் நல்ல காலம்: 2026 ஜனவரி முதல், டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் கேட்கக் கூடாது என்று சட்டம். விளம்பரத்தில் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்; மனதில் கேட்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? 2006-இல் எனக்கு ஒழுங்கான வேலை கிடைத்த நேர்முகத்தில், கேள்வி புரியாதபோது வாயைத் திறக்காமல் நின்றேன். சரக்கு ரயில் போகட்டும் என்று நின்றேன். கேட்டவரே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்.

ஆங்கிலத்தில்தான் இந்தச் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். என் முதல் அறை ஓர் ஈழத்து அம்மா வீட்டின் நிலவறை. வாடகை விஷயமாக "உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவர்கள் வழக்கில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். இரண்டு பேருக்கும் தாய்மொழி ஒன்றுதான், இருந்தும் சரக்கு ரயில் குறுக்கே வந்தது. காசோலை வராத அந்தப் பதினோரு நாளில் நான் ரொட்டி தின்பதைக் கண்டுபிடித்து, பிட்டும் சம்பலும் கொண்டுவந்து வைத்தவர் அவர். ஈழத்தவர்களைப் பற்றி நம் ஊர் ஆட்கள் சிலர் இங்கே ஏதாவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விமான நிலையத்துக்கு வராமல் இருந்தவர் என் ஊர்க்காரர்.

ஐந்து டாலர் தொலைபேசி அட்டை வாங்கி ஒருநாள் சாரை அழைத்தேன். பேப்பர் பி, பஸ் பி கதையைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை சிரிக்கவில்லை. பிறகு, "பதினைந்து வருடம் கழித்துத்தான் வீட்டுப்பாடம் செய்திருக்கிறாய்" என்றார். அதற்குப் பிறகு சில வருடம் பொங்கலுக்குப் பொங்கல் பேசினோம். போன் கரகரக்கும். நான் குரலை உயர்த்துவேன். "கத்தாதே. கேட்கிறது" என்பார். அவர் தவறிய செய்தி இங்கே எனக்கு வந்துசேர்ந்தபோது அங்கே பதினாறாம் நாளும் முடிந்திருந்தது.

சரி, உங்கள் மற்றக் கேள்விகள். அறையைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள், ஊர்க்காரர் சொன்னாலும் சரி. ஒண்டாரியோவில் முன்பணம் என்று அதிகபட்சம் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகை, அதுவும் கடைசி மாதத்துக்குக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டால் அந்தச் சட்டம் உங்களுக்குத் துணைக்கு வராது. ஒரே நிலவறையில் எட்டு மாணவர்களை அடைத்துக் காசு பார்க்கும் நம்மவர்கள் உண்டு, பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வேலை வாங்கித்தருகிறேன் என்று பணம் கேட்பவனைப் பார்த்தால் தெருவைக் கடந்துவிடுங்கள். வங்கியெல்லாம் தானாக நடக்கும். ஆங்கிலம் பேசிப் பழகவேண்டுமென்றால் டொராண்டோ பொது நூலகத்தில் உரையாடல் வட்டம் நடத்துகிறார்கள், காசில்லை. குளிர் கோட்டை இங்கே வந்து வாங்குங்கள். காதை மூடும் தொப்பி மட்டும் கைப்பையில் இருக்கட்டும். மிக்ஸி வேண்டாம், இங்கே மின்சாரம் 120 வோல்ட், அது சரியாகச் சுற்றாது. குக்கர் கொண்டுவருவதானால் கேஸ்கட் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வில்லாபுரத்திலிருந்து பெரியார் பஸ் நிலையம் போகும்போது வாங்கும் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.