போனும் லெப்டொப்புமாக இருக்கும் மகனுக்கு என்ன வழி?

அன்பின் அம்மாவுக்கு,

பெரியகல்லாற்றிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. பெறுபேறு வந்ததிலிருந்து அறைக்குள்ளேயே இருக்கிறார். போனையும் லெப்டொப்பையும் புளூடூத்தில் இணைப்பதும் பிரிப்பதும்தான் வேலை. அயல்வீட்டார் ஸ்பீக்கர், ஹெட்செட், வயர் இல்லாத கீபோட் என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள், சரிசெய்து கொடுக்கிறார். அப்பா கட்டாருக்கு அனுப்புவோம் என்கிறார். 'இந்தப் பழக்கத்தில் ஒரு பிழைப்பு இருக்கிறதா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது, அம்மா. ஆனால் தம்பி இப்போது நிற்கிற இடத்தில் இல்லை. கருவிகளை இணைத்துக் கொடுப்பது மட்டும் தொழிலாகாது. அது வருடா வருடம் இலகுவாகிக்கொண்டே போகிறது. நாளைக்கு அயல்வீட்டாரே செய்துகொள்வார்கள். இணைப்பு ஏன் கெடுகிறது, இணைந்த பிறகு இரண்டு கருவிகளுக்கும் இடையில் என்ன போய் வருகிறது என்று தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று நீங்களே பார்க்கலாம். இரண்டு கேள்வி கேளுங்கள். ஹெட்செட்டில் பாட்டு நன்றாகக் கேட்கிறது, சூம் வகுப்பில் மைக்கைத் திறந்ததும் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆகிறதே, ஏன்? கணினியில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் புளூடூத் மவுஸ் தடக்கித் தடக்கி ஓடுகிறதே, ஏன்?

முதலாவதற்குப் பதில்: பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு இன்னொரு முறை. மைக் திறந்ததும் பல கணினிகளில் ஹெட்செட் பேச்சு முறைக்கு மாறிவிடும், அதில் ஒலியின் தரம் குறைவு. கணினியின் சொந்த மைக்கைத் தெரிவுசெய்தால் ஒலி திரும்பிவிடும். இரண்டாவது: யூ.எஸ்.பி. 3.0 கருவியும் அதன் வயரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் இரைச்சலைக் கசியவிடும். புளூடூத்தும் அங்கேதான் ஓடுகிறது. டொங்கிளை, அதாவது கணினியில் செருகும் சின்னப் புளூடூத் துண்டை, சின்ன நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால் போதும். தம்பி காரணம் சொன்னாரென்றால் உங்கள் கவலையில் பாதியை இறக்கிவைக்கலாம். 'ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் சரியாகும்' என்று மட்டும் சொன்னாலும் பிழையில்லை, அங்கிருந்து தொடங்கலாம்.

அப்புறம் என்ன செய்வது? ஒரு பிரச்சினையை எடுத்து முழுசாகத் தீர்க்கட்டும். கல்முனை, காத்தான்குடி கடைகளில் போனிலேயே கணக்குப் போட்டு, உள்ளங்கை அளவு புளூடூத் பிரிண்டரில் பில் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் அனுப்பினால் கேள்விக்குறியோ சீன எழுத்தோ விழும். மலிவான பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. அம்பாறைப் பக்கம் சிங்களத்திலும் பில் வேண்டும். அதற்கும் இதே கதி.

தீர்வு இருக்கிறது. பில்லை எழுத்தாக அனுப்பாமல் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மில்லிமீற்றர் தாளில் அச்சு விழும் அகலம் 48 மில்லிமீற்றர், மில்லிமீற்றருக்கு 8 புள்ளி, ஆக 384 புள்ளி. அந்த அகலத்தில் கறுப்பு வெள்ளைப் படம். கேட்க லேசாக இருக்கும், செய்யும்போதுதான் பாடம் வரும். பைத்தன் என்ற நிரல் மொழியில் வரைந்தால், எழுத்தை ஒழுங்குபடுத்தும் ராக்கம் என்ற துணை நிரல் இல்லாவிட்டால் 'கொத்தமல்லி'யின் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். அன்ட்ரொயிட் போனில் வரைந்தால் அது தானாகச் சரியாகும். ஆங்கிலத்தில் 32 எழுத்துள்ள ஒரு வரி 32 பைட் (பைட் என்பது தரவை அளக்கும் சின்ன அலகு). 24 புள்ளி உயரமுள்ள அதே வரி படமாகும்போது 1152 பைட். ஒரேயடியாகத் தள்ளினால் பிரிண்டர் மூச்சுமுட்டிப் பாதி பில்லில் நின்றுவிடும். துண்டு துண்டாக, இடைவெளி விட்டு அனுப்பப் பழக வேண்டும். விண்டோஸ் கணினியில் அதே பிரிண்டர் ஒரு கொம் போர்ட்டாக, அதாவது தரவு வரிசையாகப் போய் வரும் வாசலாகத் தெரியும், அங்கே வேறு வழி. ஐபோனில் இந்தப் பழைய வகைப் புளூடூத் பிரிண்டருக்குச் செயலிகள் பேச முடியாது, 2010இல் புளூடூத் 4.0 பதிப்போடு வந்த, குறைந்த மின்சக்தியில் ஓடும் குறைமின் வகை உள்ள பிரிண்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதை ஒரு கடைக்குச் செய்து, அந்தக் கடை தினமும் பாவித்தால், அது எந்த நேர்முகத் தேர்விலும் மேசையில் வைக்கக்கூடிய சாட்சி. பத்துச் சான்றிதழ் வைத்திருப்பவரைவிட, இப்படி ஒன்றைச் செய்து முடித்த பிள்ளையைத்தான் நான் நம்பிக்கையோடு சிபாரிசு செய்வேன்.

அதற்காகச் சான்றிதழ் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள் இருக்கின்றன. தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாதான் என் முதல் தெரிவு. விண்ணப்ப அறிவித்தல் வந்ததும் தகைமை நிபந்தனையை வரிக்கு வரி வாசியுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தோடு நேரில் போய்க் கேட்டால் இன்னும் நல்லது. அது தவறினால் கணினி வன்பொருள் தொழில்நுட்பவியலாளருக்கான என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டம். அந்த ஏணி 7ஆம் மட்டத்தில் பட்டத்துக்குச் சமம், ஆகவே இங்கே தொடங்குவது தோல்வியில்லை. இதற்கிடையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் நிரலாக்கக் கற்கையில் பைத்தனை இன்றைக்கே தொடங்கலாம். ஆங்கிலத்தில்தான் நடக்கும். தம்பிக்கு ஆங்கிலம் பயமென்றால் அந்தப் பயத்தை இப்போதே உடைக்க வேண்டும், ஏனென்றால் கருவிகளின் கையேடு ஒன்றும் தமிழில் வராது.

கட்டாரைப் பற்றி அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் தகைமை இல்லாமல் போகிறவருக்கும், என்.வி.கியூ. சான்றிதழோடு போகிறவருக்கும் கிடைக்கிற வேலை ஒன்றல்ல. கொஞ்ச காலம் பொறுத்து அனுப்பினால் நட்டமில்லை.

காதில் ஹெட்செட்டோடு தூங்குகிறார், கதிர்வீச்சா என்றும் கேட்டிருந்தீர்கள். வழக்கமான புளூடூத் கருவியின் சக்தி 2.5 மில்லிவாட் அளவுதான், காதில் வைத்துப் பேசுகிற போனைவிட மிகக் குறைவு. நான் கவலைப்படுவது சத்தத்தின் அளவையும் கெட்டுப்போகிற தூக்கத்தையும் பற்றித்தான். அதில் கண்டிப்பாக இருங்கள்.

தம்பியை என்னிடம் அனுப்புங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தோடு, யாராவது கடைக்காரரிடம் இரவல் வாங்கிய பிரிண்டரையும் கொண்டு வரட்டும். தமிழ் ஒரு வரியாவது சரியாக விழுந்த பிறகு வரவேண்டும் என்றில்லை, எந்த இடத்தில் தடக்கியது என்று எழுதி வந்தாலே போதும்.