கன்றின் கழிச்சல் பிள்ளைக்கும் ஒட்டுமா?

கேள்வி: பிறந்து இரண்டு வாரமான கன்றுக்குக் கழிச்சல். அதைப் பார்த்துக்கொண்ட மகனுக்கும் ஒரு வாரத்தில் தண்ணீராகப் போகிறது. பூச்சி மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லையே?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: ஒட்டும். மலத்தைச் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், இளங்கன்றிலிருந்து இப்படித் தொற்றுவதில் முக்கியமானது கிரிப்டோஸ்போரிடியம். அது புழுவே இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் உயிரி, அதனால்தான் பூச்சி மாத்திரை கேட்கவில்லை. குளோரினுக்கும் லேசில் சாகாது, ஆனால் கொதித்த தண்ணீரில் செத்துவிடும். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே மாட்டுப்பட்டி, கீழே பீலி (தண்ணீர் பிடிக்கும் குழாய்) என்றால் தண்ணீரில் சாணம் கலந்திருக்கலாம், கொதிக்க வைக்காமல் குடிக்கவே வேண்டாம். கன்றைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவணும் (சானிடைசர் இதற்கு உதவாது). நல்ல உடம்புக்காரருக்கு இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாக நிற்கும், அதுவரை ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு. கன்றை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.