எண்ணெய் வாங்கும் முன்: முடி உதிர்வு கேள்வி பதில்

தோல் மருத்துவர் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில்கூட யாராவது குனிந்து வகிட்டைக் காட்டிவிடுவார்கள். இந்த முறை எழுதிக் கேட்டவர்களில் பாதிப் பேர் 'எந்த எண்ணெய் நல்லது?' என்று முடித்திருந்தார்கள். எந்த வகை உதிர்வு என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டெங்கு வந்து குணமாகி இரண்டரை மாதம் ஆகிறது. இப்போது தலைக்குக் குளித்தால் குளியலறைத் தண்ணீர் போகும் சல்லடையே அடைத்துக்கொள்கிறது. காய்ச்சலின்போதுகூட இப்படிக் கொட்டவில்லையே டாக்டர்? (பெண், 29, திருச்சி)

இப்போது கொட்டுவதற்கு அந்தக் காய்ச்சல்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. சாதாரணமாக பத்தில் ஒன்று ஓய்வில் இருக்கும், மற்றவை வளர்ந்துகொண்டிருக்கும். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் மாதிரி ஏதாவது உடம்பை உலுக்கினால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் வேரில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் விழும். கோவிட் வந்து போனவர்களுக்கும் இதே கதைதான் நடந்தது.

விழுந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாய் வெள்ளை உருண்டை இருக்கும். 'வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது' என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை. ஓய்வு முடிந்து இயல்பாக உதிர்ந்த முடியின் அடையாளம். வேர்ப்பை உள்ளே பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடி அதிலிருந்தே வரும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கிவிடும். நெற்றியோரம் குட்டி முடிகள் நட்டுக்கொண்டு நின்றால் புதிது முளைக்கிறது என்று அர்த்தம். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய நீளத்துக்கு வர நாளாகும். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினால் பயப்பட வேண்டும்?

50 முதல் 100 வரை எல்லோருக்கும் கொட்டும். வாரம் ஒரு முறை தலைக்குக் குளிப்பவருக்கு அன்று மொத்தமாகத் தெரியும். தரையில் கிடப்பதை எண்ணாதீர்கள், நிம்மதிதான் போகும். மாதம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நடு வகிட்டைப் படம் எடுத்து வையுங்கள். வகிடு அகலமாகிறதா என்பதே நமக்கு வேண்டிய தகவல்.

குழந்தை பிறந்து நான்கு மாதம். கொத்துக் கொத்தாகப் போகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அப்படித்தான் என்கிறார் மாமியார். (ஈரோடு)

மாமியார் சொல்லும் காலக்கணக்கு சரிதான், பழியை மட்டும் குழந்தைமேல் போட வேண்டாம். கர்ப்பத்தில் ஹார்மோன் தயவால் விழாமல் நின்ற முடிகள் பிரசவத்துக்குப் பின் சேர்ந்து விழுகின்றன. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கும் காலத்தில் முடி மருந்து எதையும் கேட்காமல் தடவ வேண்டாம்.

வயது 24. அப்பாவுக்கு முழு வழுக்கை. எனக்கு நெற்றியின் இரண்டு மூலையும் ஏறிக்கொண்டே போகிறது. நல்ல பழக்கங்களால் தடுக்க முடியுமா? (கோவை)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் தம்பி, பழக்கங்களால் மட்டும் முடியாது. இது பரம்பரை வழுக்கை. டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு உங்கள் முன்தலை வேர்ப்பைகள் அதிகம் வசப்படுகின்றன. ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் முடி முன்பைவிட மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாகிவிடும். அம்மா வழியில்தான் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. இதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

நன்கு ஆராயப்பட்ட மருந்துகள் இரண்டு. தடவுவது மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததால் தலைக்குத் தடவும் மருந்தாகி, 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் சில வாரங்கள் உதிர்வு கூடலாம். அந்தக் கட்டத்தில் பயந்து பாட்டிலைத் தூக்கிப்போடுபவர்கள்தான் அதிகம். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வந்தது போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் மருந்து காயாத தலையை அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனைக்கு அது விஷம்.

இன்னொன்று ஃபினாஸ்டரைடு மாத்திரை. டி.எச்.டி.யைக் குறைக்கும். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், மனச்சோர்வும் வரலாம். ஆகவே மருத்துவர் பார்க்காமல் மெடிக்கலில் நேராக வாங்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது.

சிகரெட் இருந்தால் விடுங்கள், முடிக்கும் நல்லது என்றே தெரிகிறது. மற்றபடி மொட்டை போலச் சுத்தமாக வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பதும் ஒரு முடிவுதான். கம்பீரமாகவே இருக்கும்.

வேளச்சேரியில் ஹாஸ்டல். போர் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்ததிலிருந்து முடி போச்சு.

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், சீவும்போது நடுவில் உடையும். வேர்ப்பையை அது ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. உதிர்ந்ததில் இரண்டு நுனியிலும் வெள்ளை உருண்டை இல்லையென்றால் உடைந்த முடி. கடைசியாக ஒரு மக் நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள், கண்டிஷனர் போடுங்கள். அப்புறம், ஹாஸ்டலுக்கு வந்தபின் காலைச் சாப்பாடு என்ன ஆயிற்று என்பதையும் யோசியுங்கள்.

பாட்டி காய்ச்சிய கரிசலாங்கண்ணி எண்ணெயை ராத்திரி முழுக்க ஊறவைக்கிறேன். பொடுகும் உதிர்வும் குறையவே இல்லை.

பொடுகு இருக்கும்போது எண்ணெய் வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, தலைத்தோலில் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். பலர் நுரை வந்ததும் கழுவிவிடுகிறார்கள், அதில் பயனில்லை. பொடுகு போனபின் குளிப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவலாம். அது முடித்தண்டின் புரதம் கரையாமல் காக்கும். வழுக்கையில் முளைக்க வைக்காது.

பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா? சைவம், எடை குறைக்க ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டேன். (பெண், 35, மதுரை)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பயோட்டின் குறைபாடு அபூர்வம். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகள்கூடத் தப்பாக வரலாம். ரத்தம் கொடுக்கும்போது லேபில் சொல்லிவிடுங்கள். முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, பி12 பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின், அதாவது இரும்பின் கையிருப்பு, காலியாக இருக்கலாம். மாதவிடாயில் அதிகம் போகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். ராத்திரி சாப்பாட்டை விட வேண்டாம். சோற்றைக் குறைத்து சுண்டல், பருப்பு, பனீர் சேருங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது இருந்தால் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை ஹார்மோன் கோளாறுக்கான சோதனையும் தேவை.

பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை கட்டாயம். மகளுக்கு நெற்றியோரம் முடி குறைகிறது.

இழுத்துக் கட்டுவதால் வருவது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காது. சடையைத் தளர்வாகத் தொடங்குங்கள், ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி பேண்டு போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

தாடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழுவழுவென்று ஒரு வட்டம். புழுவெட்டு என்று சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார்கள்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் வேர்ப்பைகளையே தாக்குவதால் வருவது. புழு இல்லை, ஒட்டாது. சின்ன வட்டங்கள் பலருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும், வெங்காயத்துக்குப் பேர் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எரியும் அளவுக்குத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. வட்டம் பெரிதானாலோ, கூடினாலோ ஊசி மருந்து இருக்கிறது, வாருங்கள்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாகுமா? ஹெல்மெட்டால் கொட்டுமா?

இரண்டுக்கும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே பருத்தித் துணி கட்டி, அதைத் தினம் துவையுங்கள்.

முடி நடுதல் செய்துகொள்ளலாமா? (ஆண், 41)

பின்தலை முடி டி.எச்.டி.க்கு அசராது என்பதால் அங்கிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். நட்டது நிற்கும், சுற்றியுள்ள பழைய முடி மெலிவது நிற்காது. ஆகவே மருந்து தொடர வேண்டும். நட்ட முடியும் சில வாரத்தில் உதிர்ந்துவிட்டுத்தான் மறுபடி முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் வரை ஆகும். தள்ளுபடி விலையைக் கேட்பதற்கு முன், மயக்க ஊசி போடுவதும் தலையில் கீறுவதும் யார் என்று கேளுங்கள். பதிவுபெற்ற, இதில் பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. 'டெக்னீஷியன் பார்த்துக்கொள்வார்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.