பார்த்த பையன் யாரைப் பார்த்தான்?

ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்', 'வேர்' என்று ஒரு சொல்லைப் போட்டுப் பெயரையும் துணை வாக்கியத்தையும் இணைக்கிறார்கள், தமிழில் அப்படி எதுவும் இல்லையே, பொருள் குழம்பாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் குழம்பும். பெரும்பாலும் குழம்பாது. ஏன் குழம்பாது என்பதுதான் தமிழ் இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நம்மிடம் இந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். 'பார்த்த', 'பார்க்கிற', 'பார்க்கும்' என்று வினையை முடிக்காமல் விட்டு, அடுத்துப் பெயரை வைக்கிறோம். அந்தப் பெயருக்கும் வினைக்கும் என்ன உறவு என்பதை வினை சொல்லவே சொல்லாது. எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே பெயரை நாமே பொருத்திக்கொள்கிறோம். 'மாலா பார்த்த பையன்' என்றால் எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இல்லை. எனவே பையன்தான் செயப்படுபொருள். 'மாலாவைப் பார்த்த பையன்' என்றால் எழுவாய் காலி, பார்த்தவன் அவனே. வெறும் 'பார்த்த பையன்' என்றால் இரண்டு இடமும் காலி. அங்கே பேச்சுச் சூழல்தான் கைகொடுக்கும்.

இப்போது 'மாலா பழம் நறுக்கிய' என்பதோடு கத்தி, மேசை, நேரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். கத்தி கருவி, மேசை இடம், நேரம் காலம். 'நறுக்கிய' என்பதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 'கத்தியால்', 'மேசையில்' என்ற உருபுகள் போன இடம் தெரியவில்லை. கத்தி எதற்கு என்று நமக்குத் தெரிந்திருப்பதே போதுமானதாக இருக்கிறது. தொல்காப்பியர் வினையியலில் இதைத்தான் சொல்கிறார்: நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல் (அதாவது செய்பவர்), வினை ஆகிய ஆறுக்கும் 'செய்யும்', 'செய்த' என்னும் சொற்கள் 'ஓரன்ன உரிமைய'. ஆறுக்கும் ஒரே உரிமை! எவ்வளவு கூர்மையான கவனிப்பு.

சரி, வாக்கியத்தில் உள்ள எல்லாப் பெயரையும் இப்படி வெளியே எடுத்துப் பெயரெச்சத்துக்குப் பின்னால் வைத்துவிட முடியுமா? முடியாது. 1977-இல் மொழியியலாளர்கள் கீனனும் காம்ரியும் பல மொழிகளை ஒப்பிட்டு, எந்தப் பெயரை வெளியே எடுப்பது எளிது, எது கடினம் என்று ஒரு படிவரிசை சொன்னார்கள். எழுவாய்தான் எளிது, அப்புறம் செயப்படுபொருள். உடைமையும் ஒப்பீடும் கடைசிப் படிகள். தமிழில் 'கால் உடைந்த நாற்காலி' இயல்பாக வருகிறது, ஏனென்றால் கால் நாற்காலியின் உறுப்பு. ஆனால் 'மாலா உயரமான பையன்' என்று சொல்லி, 'மாலா அவனைவிட உயரம்' என்ற பொருளைக் கொண்டுவர முடியாது. 'எவனைவிட மாலா உயரமோ அவன்' என்றுதான் சுற்றிப் போக வேண்டும்.

காலியிடக் கணக்குக்கே அடங்காதவையும் உண்டு. 'மீன் பொரிக்கும் வாசம்', 'கதவு சாத்திய சத்தம்'. வாசம் மீனைப் பொரிக்கவில்லை, வாசத்தால் யாரும் பொரிக்கவும் இல்லை. பொரிப்பதால் எழுவது வாசம், அவ்வளவுதான் உறவு. ஜப்பானிய மொழியும் கொரிய மொழியும் இப்படியே சொல்கின்றன. என்னைக் கேட்டால், பெயரெச்சத்தின் அடிப்படையே 'இந்தப் பெயருக்கும் இந்தச் செயலுக்கும் தொடர்பு உண்டு' என்று மட்டும் சொல்வதுதான்.

நிஜமான குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. 'சென்னையில் இருக்கும் அண்ணன் வருகிறார்' என்றால் எனக்கு ஓர் அண்ணனா, பலரா? ஆங்கில எழுத்தில் இதை ஒரு காற்புள்ளி காட்டிவிடும். நாம் வாக்கியத்தைப் பிரித்து, 'அண்ணன் சென்னையில் இருக்கிறார், அவர் வருகிறார்' என்று சொன்னால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் எழாது.