மெத்தைக்கடியில் ஒரு கணிதத் தாள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 36. சிங்கப்பூரின் ஈசூனில் கணவர், மகள், மாமியாருடன் வசிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஏசிசிஏ என்னும் கணக்காளர் தொழில்தகுதிப் படிப்பைப் படிக்கிறேன். 13 தாள்களில் 12 முடிந்துவிட்டன. மேல்நிலைத் தணிக்கைத் தாள் மட்டும் மூன்று முறை என்னைத் தடுத்துவிட்டது: 44, 47, 46. தேர்ச்சிக்கு வேண்டியது 50. இரவு பத்து மணிக்குச் சமையலறையை ஒழித்துவிட்டு ஒரு மணிவரை படிக்கிறேன். எனக்குப் பின் சேர்ந்த சக ஊழியர் முதல் முறையிலேயே தேறிவிட்டார். "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று மாமியார் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது, கணவரின் மௌனம் அதைவிட வலிக்கிறது. கடைசி முடிவு வந்து இரண்டு மாதங்களாகியும், இன்னும் வரவில்லை என்றே வீட்டில் சொல்லியிருக்கிறேன். தொடக்கநிலை 5இல் படிக்கும் மகளும் 48 மதிப்பெண் பெற்ற கணிதத் தாளை மெத்தைக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள்; கண்டித்துவிட்டேன், அது வேறு விஷயம். அந்தச் சக ஊழியர் என்னைவிடக் குறைவாகவே படித்தார். இத்தனை உழைப்பும் வீண்தானா? இனியும் தொடர்வதில் பொருள் உண்டா?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புச் சகோதரிக்கு,

பகலெல்லாம் வேலை பார்த்து, வீட்டுப் பொறுப்பையும் முடித்து, நள்ளிரவு தாண்டியும் புத்தகத்தின் முன் அமர்பவருக்கு விடாமுயற்சியைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. வேறு விஷயம் என்று நீங்கள் ஒதுக்கிய அந்தக் கணிதத் தாளிடமே என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது.

முடிவு வந்த நாளில் உங்கள் முகத்தை அவள் பார்த்திருப்பாள்; பாட்டியிடம் நீங்கள் சொன்னதையும் கேட்டிருக்கக்கூடும். குறைந்த மதிப்பெண்ணை யார் கண்ணிலும் படாமல் வைக்க வேண்டும் என்று அவள் புரிந்துகொண்டிருந்தால், அதற்காக அவளைக் கண்டித்தது நியாயமில்லை என்றே கருதுகிறேன்.

இதே மறைப்பு உங்கள் படிப்பையும் பிடித்திருக்கிறது என்று அஞ்சுகிறேன். எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள் என்று எழுதிய நீங்கள், எந்த வினாவில் மதிப்பெண் போயிற்று என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தோற்ற தாளை எண்ணிப் பார்க்கவே கூசுகிறவர், தெரிந்த பாடத்தையே மறுபடியும் வாசித்துக்கொண்டிருப்பார். கொடுக்கப்பட்ட நிறுவனத்தின் சூழலுக்கேற்ப எழுத வேண்டிய தேர்வில், மனப்பாடமாக எழுதும் பொதுவான பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் கைகொடுக்காது. தேர்வுக்குப் பின் வெளியாகும், எழுதியவர்கள் எங்கே தவறினார்கள் என்று விளக்கும் தேர்வாளர் அறிக்கையை எடுத்து, நீங்கள் எழுதியதை நினைவுகூர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர்வதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு வாய்ப்புகள் இருக்கும்போது, ஒன்றை விட்டாலும் குடி முழுகிவிடாது.

கணவரின் மௌனத்துக்கு நீங்களே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டீர்கள். முடிவே தெரியாதவர் என்ன சொல்ல முடியும்? இன்றிரவு அவரையும் மகளையும் உட்காரவைத்து, முதலில் உங்கள் 46ஐச் சொல்லுங்கள். பிறகு அவளுடைய தாளைக் கொண்டுவரச் சொல்லி, எந்தக் கணக்கில் தடுமாறினாள் என்று கேளுங்கள்.