வீட்டுக் கோப்புச் சேவையகத்தை இரண்டு கணினிகளோடு நேரடியாக இணைக்கலாமா?

கிளிநொச்சியில் வீட்டிலேயே கல்யாண வீடியோ தொகுக்கும் நீங்கள், சேவையகத்தை ரவுட்டர் இல்லாமல் இரண்டு கணினிகளோடு கேபிளால் இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இணைக்கலாம். சேவையகத்தில் இரண்டு ஈதர்நெட் போர்ட்கள் இருந்தால் போதும். போர்ட்கள் கிகாபிட் (நொடிக்கு நூறு கோடி பிட்) வேகத்தவை என்றால் தனிவகைக் கேபிள் தேவையில்லை, சாதாரண நெட்வொர்க் கேபிளே வேலை செய்யும்.

பலரும் சறுக்குவது ஐபி முகவரியில்தான், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு போர்ட்டையும் அடையாளம் காட்டும் எண்ணில். இரண்டு போர்ட்களையும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) வைத்தால், எந்தக் கேபிளில் பதில் அனுப்புவது என்று சேவையகம் தடுமாறும். முதல் போர்ட்டுக்கு 192.168.10.1, அதில் மாட்டிய கணினிக்கு 192.168.10.2 கொடுங்கள். அடுத்த சோடிக்கு 192.168.20.1, 192.168.20.2. சப்நெட்டின் எல்லையைக் குறிக்கும் எண்ணான மாஸ்க் எல்லாவற்றுக்கும் 255.255.255.0. வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியைக் குறிக்கும் கேட்வே கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நிரப்பினால் வைஃபையில் வரும் இணையம் வழிதவறிப் போகக்கூடும்.

வேகம் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் வரை கிடைக்கும், வன்தட்டு ஈடுகொடுத்தால்.

என்னைக் கேட்டால், பல கணினிகளைக் கேபிளால் ஒன்றாக இணைக்கும் பெட்டியான ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கியிருப்பேன். மூன்றாவது கணினி வரும் நாளில் இப்படிச் சோடி சோடியாகச் சப்நெட் பிரிக்க வேண்டியிருக்காது. எப்படி இணைத்தாலும், சித்திரையிலும் ஐப்பசியிலும் வன்னியில் இடி முழங்கும் மாலைகளில் கேபிள்களைக் கழற்றிவிடுங்கள், முக்கியமாக முற்றத்தைக் கடந்து போகும் கேபிளை.